மூன்று மட்டும் சொல்லாதே

ஆலோசகிக்குத் தன் தலைசாய்ப்பின் மேல் அசாத்திய நம்பிக்கை. இடப்பக்கமாகச் சாய்த்து, காது தோளைத் தொட இன்னும் நாலு விரற்கடை இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குக் குறைந்தால் அக்கறை தெரியாது. கூடினால், பாவம், கழுத்துப் பிடிப்பு என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்வார். பயிற்சிக் காலத்தில் கண்ணாடி முன் நின்று பழகிய கலை அது. ஆறு பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் மனசு சரியில்லை என்றால், அங்கங்கே ஒரு மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் அவளுடைய சாய்ந்த தலையைத் திரையில் பார்த்துத்தான் மனசைத் திறந்தார்கள். திறந்தார்கள் என்று அவள் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் என்று அவள் மரியாதையாகச் சொல்லிக்கொள்வது படுக்கையறையில் துணி அலமாரிக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே கிடைத்த மூன்றடி இடம். முதுகுக்குப் பின்னால் அலமாரிக் கதவு. திரையில் பார்த்தால் மரப்பலகை பதித்த சுவர் போலக் கண்ணியமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கதவுக்குத் தானாகத் திறந்துகொள்ளும் கெட்ட பழக்கம் உண்டு. ஒருமுறை முக்கால் மணி நேரம், அவளுக்குத் தெரியாமலே, கணவனின் மடித்த பனியன்களும் ஒரு ஒற்றைக் காலுறையும் பின்னணியில் காட்சியளித்தன. அன்றைய குறிப்பில் அவள் எழுதியது: ‘மாணவன் பார்வையை அடிக்கடி என் தோளுக்குப் பின்னால் திருப்புகிறான். எதையோ எதிர்கொள்ளத் தயங்குகிறான்.’ அன்றிலிருந்து கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்ட். குறிப்பை மட்டும் அவள் திருத்தவில்லை.

வேலை நடக்கும் முறை இதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் பிள்ளையைக் கூட்டிவந்து கணினி முன் உட்காரவைத்து, காதுக்கருவியை மாட்டிவிட்டு வெளியே போய்விடுவார். ஐந்தாவது பள்ளியில் அந்தப் பொறுப்பு நூலகருடையது. நூலகத்தின் பின்னறையில், உடைந்த உலக உருண்டைகளுக்கும் கட்டுக்கட்டான பழைய செய்தித்தாள்களுக்கும் நடுவே ஒரு மேசை. பிள்ளை பேசி முடிக்கும் வரை நூலகர் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். ஒட்டுக் கேட்கவில்லை என்பதற்கு அந்த முதுகே சாட்சி.

பேச்சு முடிந்ததும் ஆலோசகி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: ஒன்றிலிருந்து பத்துக்குள் இன்றைக்கு உன் மனசுக்கு எத்தனை? அந்த எண்ணைப் படிவத்தில் போடாவிட்டால் படிவம் நகராது. மூன்றோ அதற்குக் கீழோ என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போன். நாலும் ஐந்தும் என்றால் அடுத்த வாரமும் வர வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் மாதம் ஒருமுறை போதும். விதியை எழுதியவர் தலைமையிடத்தில் இருக்கும் திட்ட அலுவலர். அவர் எந்தப் பிள்ளையையும் பார்த்தவர் அல்ல. எண்ணை மட்டும் பார்ப்பவர்.

அந்த எண்கள் ஆலோசகிக்குப் பெருமை தேடித் தந்தன. அவள் சேர்ந்தபோது ஐந்தாவது பள்ளியின் சராசரி நாலே கால். இப்போது ஐந்தே முக்காலைத் தொட்டுவிட்டது. கோடு படிப்படியாக ஏறும் அழகைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மற்ற ஆலோசகர்கள் எல்லோருக்கும் இதை எப்படிச் சாதித்தாய் என்று விளக்க வேண்டும் என்று திட்ட அலுவலர் சொல்லியிருந்தார். அவள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கோட்டுக்கு நிறம் தேடினாள். நீலம் சோகமாக இருந்தது. சிவப்பு பயமுறுத்தியது. கடைசியில் இளம்பச்சை.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கைகளில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, கோடு நல்லா ஏறுது, யாரு ஏத்தினது என்று கேட்டான். பிள்ளைகள் தாங்களே சொன்ன எண் என்றாள் அவள், சற்று மிதப்பாக.

“நேத்துப் போன கட்டடத்துல பலகை அஞ்சாவது மாடின்னு காட்டுது. லிஃப்ட் ரெண்டுல நிக்குது, உள்ள ஆளோட. பலகையைப் பார்த்துக் கதவைத் திறந்திருந்தேன்னா நான் இப்போ உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

மனசும் லிஃப்டும் ஒன்றா என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும் நடுவில் நின்றுபோகும் பழக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போய்விட்டான். அந்தப் பேச்சை அவள் பொருட்படுத்தவில்லை. பட்டம் வாங்கியவள் அவள். அவனிடம் இருப்பது ஸ்பானர்.

செவ்வாய்க்கிழமை காலை நூலகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நூலகர் எதையும் முறைப்படி செய்கிறவர். ‘பொருள்: மேசை துடைக்கையில் கிடைத்த தாள் தொடர்பாக’ என்று தலைப்பிட்டு, ‘விசைப்பலகையின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. நான் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை’ என்று எழுதி, தாளின் இரண்டு பக்கங்களையும் நேராக, கோணாமல் படமெடுத்து இணைத்திருந்தார்.

முதல் வரி: ‘தலைசாய்ப்புக்கான விடைகள்.’

தலைசாய்ப்பு யார் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலை தானாக நிமிர்ந்தது.

நாலைந்து பேர் கையெழுத்து. வெவ்வேறு மையில், மூத்தவர் இளையவருக்கு விட்டுப்போன சொத்து போல வளர்ந்த தாள் அது. பத்து சொல்லாதே, கிண்டல் என்று நினைப்பாங்க. எட்டு சொன்னால் எப்படி மாறினாய் என்று துருவுவாங்க, இடைவேளை போய்விடும். ஆறு பாதுகாப்பு. கணக்குப் பாடம் இருக்கும் வாரத்தில் மட்டும் நாலு சொல்லலாம், அடுத்த வாரமும் கூப்பிடுவாங்க. பக்கத்தைத் திருப்பினால் செய்முறைக் குறிப்புகள். அவங்க தலையைச் சாய்த்தால் நீ பெருமூச்சு விடு. ‘அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் ‘பாரமா இருந்துச்சு’ என்று சொல், உடனே எழுதிக்குவாங்க. அழுகை வராவிட்டால் மூக்கைத் துடை, அதுவே போதும்.

ஆலோசகி தன் பழைய குறிப்புகளைத் திறந்து ‘பாரம்’ என்ற சொல்லைத் தேடினாள். நூற்று நாற்பத்திரண்டு இடங்களில் இருந்தது. ஒரு குறிப்பில் அவள் பூரித்துப்போய், ‘இந்த வயதில் உணர்வை இத்தனை துல்லியமாகச் சொல்லும் பிள்ளைகள் அபூர்வம்’ என்றுகூட எழுதியிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அவளுடைய சுரைக்காயைப் பிள்ளைகள் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வாரம் தவறாமல் அறுவடை செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு மனநலம் எப்படியோ, புத்திக்குக் குறைவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தை நினைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம்தான் தாளின் அடியில், மற்ற கையெழுத்துகளைவிடச் சின்னதாக, பென்சிலில் எழுதியிருந்த இரண்டு வரி கண்ணில் பட்டது.

‘மூன்று மட்டும் சொல்லாதே. வீட்டுக்கு போன் பண்ணி ஸ்கூலை விட்டே நிறுத்திடுவாங்க. என் அக்காவை நிறுத்தினாங்க.’

இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளியில் மூன்றோ அதற்குக் கீழோ சொன்னவர்கள் பதினோரு பேர். பதினோரு வீட்டுக்கும் போன் செய்தவள் அவளே. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உடன்பிறந்தோர் என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போதும் அதே பள்ளியில் தங்கை படிக்கிறவள் ஒருத்திதான். அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்வோம்.

பெரியவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் இரண்டு என்று சொன்னாள். தேர்வு என்றாலே கை மரத்துப்போகிறது, மூச்சு அடைக்கிறது என்றாள். விதிப்படி அன்றைக்கே அப்பாவுக்குப் போன். அந்த உரையாடல் ஆலோசகிக்கு நன்றாகவே நினைவிருந்தது, ஏனென்றால் அது அத்தனை சுமுகமாக நடந்தது. தேர்வு அழுத்தம்தான் காரணம், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், குடும்பத்தின் ஆதரவு தேவை என்று அவள் கோவையாகச் சொன்னாள். அப்பா மூன்று முறை “சரிங்க மேடம், நாங்க பார்த்துக்கறோம்” என்றார். அவள் ‘குடும்பம் மிகுந்த ஒத்துழைப்பு’ என்று குறித்தாள். அடுத்த மாதம் பெரியவள் பட்டியலில் இல்லை. கோப்பை மூடக் காரணம் கேட்டது கணினி. தீர்வு கண்டது, இடம் மாறியது, ஒத்துழைக்கவில்லை என்று மூன்று வாய்ப்புகள். அத்தனை மரியாதையாகப் பேசிய குடும்பத்தை ஒத்துழைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் ‘தீர்வு கண்டது’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இளம்பச்சைக் கோட்டின் முதல் ஏற்றம் அங்கேதான் தொடங்கியிருந்தது. இரண்டு சொன்ன பிள்ளை கணக்கிலிருந்து போனால் சராசரி ஏறத்தானே செய்யும்.

சின்னவள் இப்போது அதே பத்தாம் வகுப்பில். எட்டு மாதமாக மாதம் ஒருமுறை வருகிறாள். எட்டு முறையும் ஆறு. ‘நிலையான, சமநிலையுள்ள மாணவி’ என்று அவளைப் பற்றி ஆலோசகியின் மணியான நடையில் ஒரு வரி.

அன்று பதினொன்றரைக்குச் சின்னவளை அனுப்ப முடியுமா என்று நூலகரைக் கேட்டாள். அது அவளுடைய முறை அல்லவே என்றார் நூலகர். முறை இல்லைதான் என்று இவள் ஒப்புக்கொண்டாள். முறை தவறுவதில் நூலகருக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அனுப்பினார்.

சின்னவள் வந்து உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல், காதுக்கருவி பெரிதாக இருந்ததால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் ஆலோசகியின் தலை சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் உடனே ஒரு பெருமூச்சு. ஒழுங்காக, பாடம் ஒப்பிப்பது போல.

ஆலோசகி தலையை நேராக்கினாள். விடைத்தாளைப் பார்த்துவிட்டேன் என்றாள். சின்னவளின் முகம் வெளிறிவிட்டது. கை விசைப்பலகையின் அடியில் போய்த் தடவிப் பார்த்தது. கோபமில்லை, யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று ஆலோசகி சொல்லச் சொல்ல, அந்த வாக்கியங்களெல்லாம் அவளுக்கே பயிற்சிக் கையேட்டிலிருந்து வருவது போலக் கேட்டன. அவற்றை நிறுத்தினாள். சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

“உங்க அப்பாவுக்கு அன்னைக்கு போன் பண்ணினது நான்தான். அக்காவை நிறுத்தினது எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். ரெண்டு வருஷமா தெரியாம இருந்தது என் தப்பு.”

சின்னவள் நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரை உறைந்துவிட்டதோ என்றுகூட ஆலோசகிக்குச் சந்தேகம் வந்தது. இவள் தொழிலில் பிள்ளையின் மௌனமா இணையத்தின் மௌனமா என்று பிரித்தறிவதே பாதி வேலை. பின்னால் சுவரில் மின்விசிறியின் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. மௌனம் பிள்ளையுடையதுதான்.

பிறகு சின்னவள் பேசினாள், மேசையைப் பார்த்துக்கொண்டு. நாலு மாதமாக அவளுக்கும் அதேதான். வினாத்தாளைக் கையில் கொடுத்ததும் விரல்கள் மரத்துவிடும். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. அனுமதி கேட்டுக் கழிப்பறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கணக்கு ஆசிரியர், அங்கே போய் ஏதாவது பார்த்து எழுதுகிறாளா என்று நினைக்கிறார். வீட்டில் தெரிந்தால் அக்கா கதைதான். அடுத்த மாதம் மாதிரித் தேர்வு. அதற்கு முன்னால் தானே பள்ளிக்கு வராமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்திருக்கிறாள்.

அவளுடைய தோழிகளில் பாதிப் பேருக்கு ஆறு பாதுகாப்பு என்றால் துருவும் கேள்விகளிலிருந்து பாதுகாப்பு. இவளுக்கு அது பள்ளிக்கூடமே கையை விட்டுப் போகாமலிருக்கப் பூட்டிய பூட்டு.

ஆலோசகி கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. வழக்கமாக அதைச் சுற்றி வளைத்துத்தான் கேட்பாள். இன்றைக்கு நேராகக் கேட்டாள்.

“செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?”

“இல்ல மிஸ். ஓடிப் போயிடலாம்னு தோணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “பாத்ரூம் வரைக்கும்.”

இருவருமே லேசாகச் சிரித்தார்கள். பெருமூச்சைவிட அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது.

எண் எத்தனை என்று ஆலோசகி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. வீட்டில் பேசாமல் இதற்கு வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை. பேசினால் நிறுத்திவிடுவார் என்றாள் சின்னவள். பேசாவிட்டால் நீயே நின்றுவிடப் போகிறாய் என்றாள் இவள். நீ சம்மதிக்கும் வரை போனைத் தொட மாட்டேன் என்றும் சொன்னாள். சின்னவள் பின்னலின் நுனியைக் கொஞ்ச நேரம் திருகிவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் அக்காவிடம் பேச வேண்டும். அக்கா சரி என்றால் சரி. அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். காலை எட்டிலிருந்து நாலு வரை தூங்குவார். போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும். அந்த நேரத்தில் எடுப்பது அக்காதான்.

பன்னிரண்டே காலுக்குப் பெரியவள் எடுத்தாள். பின்னால் யாரோ சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஆலோசகி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றது.

“தலையை சாய்ச்சிப் பேசுவீங்களே, அந்த மிஸ்ஸா?”

ஆமாம் என்றாள். பேர் சொன்னால் தெரியாது, பட்டம் சொன்னால் தெரியாது, கழுத்துக் கோணத்தைச் சொன்னால் தெரிகிறது. புகழ் என்பது இதுதான் போலும்.

மன்னிப்புக் கேட்பதற்காக மனசில் நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே பெரியவள் குறுக்கிட்டுவிட்டாள். குரலில் கோபம் இல்லை. பல நாள் உள்ளுக்குள் பேசிப் பேசித் தேய்ந்துபோன குரல்.

“எங்க அப்பா கெட்டவர் இல்ல மிஸ். நீங்க அப்படி நினைச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசாதீங்க. ‘அழுத்தத்தைக் குறைங்க’ன்னு நீங்க சொன்னீங்க. படிப்புலதானே அழுத்தம்? குறைச்சாரு. அவருகிட்ட ஒரு வேலை சொன்னா அரைகுறையா விட மாட்டாரு, மொத்தமாவே குறைச்சுட்டாரு. நான் அழுதப்போ, ‘அந்த மேடம் படிச்சவங்க, அவங்க சொல்லியிருக்காங்க’ன்னாரு. அவரும் அழுதாரு.”

ஆலோசகி பழைய கோப்பைத் திறந்து அந்தக் குறிப்பை மறுபடி பார்த்தாள். ஆக, ஒத்துழைப்பு என்று தான் எழுதியது பொய்யில்லை. அந்த மனிதர் ஒத்துழைத்திருக்கிறார். சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி. உலகத்திலேயே அவளுடைய அறிவுரையை முழுசாகக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவர்தான். அதன் விளைவாக ஒரு பெண் இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சின்னவளைப் பற்றிச் சொன்னதும் பெரியவள் எனக்குத் தெரியும் என்றாள். கழிப்பறைச் சுவர் கதையைச் சின்னவள் அக்காவிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் முதலில் பேசட்டுமா என்று ஆலோசகி கேட்டாள். கேட்ட குரலில் கொஞ்சம் கோழைத்தனம் இருந்ததை அவளே கவனித்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் பகல் வேலை, ஆறு மணிக்குத்தான் வருவாள். ஆனால் பெரியவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

“அம்மா சொன்னா, நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க சொல்லித்தான் நிறுத்தினாரு. நீங்கதான் சொல்லணும். அப்பவும் சுத்தி வளைக்காதீங்க. பெரிய பெரிய வார்த்தை வேணாம். அவருக்கு எது செய்யணும், எது செய்யக் கூடாது, அது மட்டும் சொல்லுங்க. நாலு மணிக்குப் பண்ணுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

நாலு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஆலோசகி திட்ட அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினாள். கோடு தவறானது, அது பிள்ளைகளின் மனநிலையைக் காட்டவில்லை, பதில் சொல்லும் திறமையைத்தான் காட்டுகிறது, போன் விதியை மாற்றியாக வேண்டும், கோப்பை மூட நான் தேர்ந்தெடுத்த காரணம் ஒன்றாவது பொய் என்று வரிசையாக எழுதினாள். விடைத்தாளை மட்டும் இணைக்கவில்லை, வாக்குக் கொடுத்திருந்ததால். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. கவனத்தில் கொள்ளப்பட்டது, வியாழன் கூட்டத்துக்கு இதே கோட்டை ‘மாணவர்களின் பேச்சுத்திறன் வளர்ச்சி’ என்ற தலைப்பில் காட்ட இயலுமா? அவள் சிரிக்கவும் முடியாமல் கணினியை மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இயலாது என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பினாள். அவளுடைய கடிதங்களிலேயே மிகச் சிறியது அதுதான்.

நாலு மணிக்கு அப்பா எடுத்தார். தூக்கம் கலைந்த கரகரப்பு. பள்ளி ஆலோசகி என்று இவள் சொன்னதும் அவர் எழுந்து உட்காரும் கட்டிலின் சத்தம் கேட்டது. யாருக்கு என்ன ஆச்சு என்றார் உடனே.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அது இன்னொரு சுமுகமான வாக்கியம். அதை விழுங்கிவிட்டு, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தான் சொன்னது தவறு என்றாள். படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, பள்ளியிலேயே வைத்துக்கொண்டு பயத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் தன் எண்ணம், அதைத் தெளிவாகச் சொல்லவில்லை, சொன்ன பிறகு என்ன நடந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவும் இல்லை என்றாள்.

“அப்போ நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா மேடம்?”

“இல்லைங்க. நான் தப்பாச் சொன்னேன். நீங்க சொன்னதைச் செஞ்சீங்க.”

அந்தப் பக்கம் கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. எங்கோ பாத்திரம் வைக்கும் சத்தம். மூச்சு விடும் சத்தம். ஆலோசகிக்கு எந்தப் பயிற்சியும் கைகொடுக்கவில்லை. தலையைச் சாய்க்கவும் பயனில்லை, போனில் அது தெரியாது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. ரெண்டு வருஷம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார், யாரிடமும் சொல்லாதது போல.

பிறகு அவள் சின்னவளைப் பற்றிச் சொன்னாள். பெரிய வார்த்தை இல்லாமல் சொன்னாள். அவளுக்கும் அதே மாதிரி வருகிறது, நாலு மாதமாக. உங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள். ஏன் பயப்படுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருங்க மேடம் என்றார். போனைக் கீழே வைக்கும் சத்தம், இழுப்பறை திறக்கும் சத்தம். பேனாவை எங்கே வைத்தாய் என்று பெரியவளைக் கேட்பது தூரத்தில் கேட்டது. திரும்பி வந்தவரின் குரல் மாறியிருந்தது. வேலைக்கு நிற்கும் குரல்.

“கேட்டுல வர்ற வண்டி, போற வண்டி, எத்தனை மணி, எல்லாத்தையும் எழுதறவன் மேடம் நான். அன்னைக்கு நீங்க சொன்னதை மட்டும் எழுதல. மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். சின்னவள் ஒரு நாள்கூட நிற்காமல் பள்ளிக்குப் போக வேண்டும். போக வேண்டும், எழுதிட்டேன். கை மரத்துப்போவது பயத்தால் வருவது. வந்தது போலவே போய்விடும். ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஒருமுறையா, மாசம் ஒருமுறையா மேடம்? ஒருமுறைதான். வாரத்துக்கு ஒரு நாள் என்னோடு பேச வேண்டும், திரையில். எந்தக் கிழமை? செவ்வாய். தேர்வைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத விடும்படி பள்ளியில் நான் கேட்கிறேன். அது நீங்க செய்யறதா, நான் செய்யறதா? நான் செய்வது. அப்போ அதுக்கு எதிர்ல உங்க பேரைப் போட்டுக்கறேன். வீட்டில் தேர்வைப் பற்றி எத்தனை மார்க் என்று முதலில் கேட்கக் கூடாது. அவர் பேனா நின்றது. அப்புறம் எழுதிய சத்தம் கேட்டது. அப்போ முதல்ல என்ன கேக்கறது மேடம்? சாப்பிட்டாயா என்று கேளுங்கள் என்றாள் அவள். அதையும் எழுதினார்.

முடிந்தது என்று நினைத்து அவள் மூச்சு விட்டபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவுப்பக்கம் நகர்ந்திருப்பார் போல, பாத்திரச் சத்தம் தேய்ந்திருந்தது.

“பெரியவளுக்கு என்ன எழுத?”

அவளுக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத முடியும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். எந்த அலுவலகம், எந்த மாதம், பதினேழு வயசு முடிந்திருந்தால் விதி என்ன, எதுவும் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஆலோசகியாக இருந்தால் நம்பிக்கை தளராதீர்கள், எல்லாக் கதவும் மூடிவிடவில்லை என்று ஏதாவது அழகாகச் சொல்லியிருப்பாள். அவரும் கதவு மூடவில்லை என்று எழுதிக்கொண்டிருப்பார்.

“தனியா எழுத வழி இருக்குன்னு நினைக்கறேன். எனக்கு உறுதியாத் தெரியாது. நாளைக்கு விசாரிச்சுட்டு நானே கூப்பிடறேன்.”

“நினைக்கறேன்னு எழுதவா, விசாரிச்சப்புறம் எழுதவா?”

“விசாரிச்சப்புறம் எழுதுங்க.”

“சரி. ரெண்டு வரி இடம் விட்டு வெக்கறேன்” என்றார் அவர். “நாளைக்கு எத்தனை மணிக்கு மேடம்?”